வீட்டு ஹீட்டிங்கை எத்தனை ஸோனாகப் பிரிப்பது, வயரை எப்படி இழுப்பது

ஒரே ஒரு தெர்மோஸ்டாட், அதுவும் நடைச் சுவரில். அந்த இடத்தில் 20 டிகிரி வந்துவிட்டால் வீடு முழுக்க வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பாய்லர் அணைந்துவிடும். மாடி அறையில் படிக்கிற மகள் போர்வைக்குள் முடங்கிக் கிடப்பாள், கீழே கூடத்தில் நாங்கள் வேர்த்துப்போய் சன்னலைத் திறந்துவைப்போம். மூன்று குளிர்காலம் இப்படியே ஓடிய பிறகுதான் வீட்டை ஸோன்களாகப் பிரித்துவிடலாம் என்று இறங்கினேன். இறங்கினால் ஆளுக்கொரு யோசனை. ஒரு பிளம்பர் வால்வு போடுங்கள் என்றார், இன்னொருவர் பம்ப் போடுங்கள் என்றார், அலுவலக நண்பர் ஒருவர் "வயரே வேண்டாம்ப்பா, ரேடியேட்டர் தலையை மாத்து, எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கலாம்" என்றார். மூவர் சொன்னதும் அவரவர் வீட்டுக்குச் சரி. என் வீட்டுக்கு எது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

ஸோன் என்றால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. பாய்லரிலிருந்து கிளம்பும் வெந்நீர்க் குழாய் ஓரிடத்தில் கிளை பிரிகிறது, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தெர்மோஸ்டாட், அந்தத் தெர்மோஸ்டாட் சொன்னபடி கிளையைத் திறந்து மூட ஏதோ ஒரு கருவி. அந்தக் கருவி என்ன என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. மோட்டார் வால்வா, தனிப் பம்பா, தரைக்கடியில் பதித்த குழாய்கள் கிளை பிரியும் மேனிஃபோல்டில் உட்கார்ந்து வால்வைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டரா, ரேடியேட்டரின் வால்வு மேல் மாட்டும் தலையா. இவற்றை விலையை வைத்தோ அழகை வைத்தோ ஒப்பிட்டால் முடிவுக்கே வர முடியாது. நான் இரண்டே கேள்விகளை வைத்துக்கொண்டேன். எந்த ஸோனும் சூடு கேட்காதபோது பாய்லரும் பம்பும் தானாக நிற்குமா? இருப்பதிலேயே சின்ன ஸோன் மட்டும் கேட்கும்போது பாய்லர் என்ன பாடுபடும்? முதல் கேள்விக்குப் பதில் வயரிங்கில் இருக்கிறது, இரண்டாவதுக்குப் பதில் கணக்கில் இருக்கிறது.

முதலில் மோட்டார் வால்வு. பிரிட்டனில் இதற்கு எஸ் பிளான் என்று பெயர், ஹனிவெல் கம்பெனி வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு வால்வு, ரேடியேட்டர்களுக்கு ஒரு வால்வு என்பது அடிப்படை அமைப்பு, மாடிக்குத் தனி வால்வு சேர்த்தால் எஸ் பிளான் பிளஸ். இந்த வால்விலிருந்து ஐந்து வயர் வரும், இந்த ஐந்தும் புரிந்துவிட்டால் மொத்த வயரிங்கில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான். பழுப்பும் நீலமும் வால்வுக்குள் இருக்கும் சின்ன மோட்டாருக்கு, பச்சை மஞ்சள் எர்த். மீதி இருக்கும் சாம்பலும் ஆரஞ்சும் மோட்டாருக்குச் சம்பந்தமே இல்லாதவை. அவை வால்வுக்குள் இருக்கும் ஒரு குட்டி சுவிட்சின் இரண்டு முனைகள், அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். தெர்மோஸ்டாட் சூடு கேட்டால் பழுப்பு வயரில் ஃபேஸ் வருகிறது. மோட்டார் மெதுவாக ஸ்பிரிங்கை எதிர்த்துத் திரும்புகிறது, காதை வைத்துக் கேட்டால் ஒரு மெல்லிய முனகல் சத்தம், பத்துப் பதினைந்து விநாடி ஆகும், கடைசியில் முழுக்கத் திறக்கும்போது உள்ளே டிக் என்று அந்தக் குட்டி சுவிட்ச் விழும். சாம்பல் வயரில் எப்போதும் ஃபேஸ் காத்துக்கொண்டிருக்கிறது, சுவிட்ச் விழுந்ததும் அது ஆரஞ்சுக்குத் தாவி பாய்லருக்குப் போகிறது. ஆக, பாய்லரைக் கூப்பிடுவது தெர்மோஸ்டாட் இல்லை, திறந்துவிட்ட வால்வு. தண்ணீர் போக வழி இருந்தால்தான் பாய்லர் எரியும். வீட்டில் எத்தனை வால்வு இருந்தாலும் எல்லாச் சாம்பலும் ஒரு முனையில், எல்லா ஆரஞ்சும் ஒரு முனையில், யார் திறந்தாலும் பாய்லர் வரும், எல்லாரும் மூடினால் நிற்கும். கம்ப்யூட்டர் இல்லை, ஆப் இல்லை. முதல் கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் சொதப்பவும் முடியும், என் வீட்டில் சொதப்பினார்கள். முதல் தடவை வயர் இழுத்தவர் சாம்பல், ஆரஞ்சு இரண்டையும் வெட்டி டேப் சுற்றிவிட்டு, இரண்டு தெர்மோஸ்டாட்டிலிருந்தும் வந்த வயர்களை நேராகப் பாய்லருக்குப் போகும் முனையிலேயே சேர்த்துவிட்டார். பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும், யார் கேட்டாலும் பாய்லர் எரியுமே. ஆனால் மாடித் தெர்மோஸ்டாட் கொடுத்த ஃபேஸ் அந்தப் பொது முனை வழியாகக் கீழ்த்தள வால்வின் பழுப்பு வயருக்கும் திரும்பிப் போய் அதையும் திறந்துவிடும். மாடியில் கேட்டால் கீழேயும் சூடு, கீழே கேட்டால் மாடியிலும் சூடு. புதிதாக இரண்டு வால்வு, இரண்டு தெர்மோஸ்டாட், ஆனால் வீடு பழையபடி ஒரே ஸோன். "வால்வு பழுதா இருக்கும்" என்று ஒரு வால்வை மாற்றியும் பார்த்தோம். பெட்டியைத் திறந்து பார்த்த இன்னொரு எலக்ட்ரீஷியன்தான் சிரித்துக்கொண்டே "அண்ணே, ரெண்டு தெர்மோஸ்டாட்டும் கைகோத்துக்கிட்டு நிக்குது" என்றார். பழுப்பு வயர்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது, ஆரஞ்சு வயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

வால்வின் பலவீனம் என்ன என்றால், அது தேயும். மோட்டார் எரிந்துபோகலாம், அப்போது அந்த ஸோன் குளிரும், கண்டுபிடிப்பது சுலபம். தொல்லை பிடித்தது இன்னொன்று. குட்டி சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் யாரும் கேட்காமலே பாய்லர் எரிந்துகொண்டிருக்கும், கோடையில்கூட. சோதிக்கும் முறை எளிது: எல்லாத் தெர்மோஸ்டாட்டையும் டைமரையும் கீழே இறக்கிவிட்டு, வால்வுகள் திரும்பி மூட ஒரு நிமிடம் கொடுத்து, மல்டிமீட்டரில் ஆரஞ்சு பொது முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே பார்க்க வேண்டும். 230 வோல்ட் காட்டினால் ஏதோ ஒரு சுவிட்ச் ஒட்டியிருக்கிறது. மின்சாரத்தை முழுக்க அணைத்துவிட்டு ஒரு ஆரஞ்சைக் கழற்று, போட்டுப் பார், மறுபடி அணை, அடுத்ததைக் கழற்று. எதைக் கழற்றும்போது வோல்ட் மறைகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலான வால்வுகளில் தலையை மட்டும் மாற்றலாம், தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை. வாங்கும்போதே அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இதற்கே ஒரு தம்பி உண்டு, மூன்று வாய் வால்வு, ஒய் பிளான். ஒரே வால்வு தொட்டிக்கும் ரேடியேட்டருக்கும் தண்ணீரைப் பங்கிடும், இரண்டும் கேட்டால் நடுவில் நிற்கும். வால்வு ஒன்று மிச்சம். ஆனால் வயரிங்கின் தர்க்கம் ஒரு விடுகதை மாதிரி. வெள்ளையில் மட்டும் ஃபேஸ் இருந்தால் நடுநிலை, வெள்ளையோடு சாம்பலிலும் இருந்தால் ரேடியேட்டர் பக்கம், தொட்டிக்கு மட்டும் என்றால் மோட்டாருக்கு மின்சாரமே இல்லை. தொட்டித் தெர்மோஸ்டாட்டிலிருந்து "போதும்" என்ற சேதிக்கென்று தனி வயர் வேறு வர வேண்டும். இரண்டு ஸோனுக்கு மேல் இதனால் போகவும் முடியாது. பழைய வீட்டில் ஏற்கெனவே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், புதிதாகப் பிரிக்கிறவர் இதைத் தொட வேண்டாம்.

வால்வு வழியில் போகிறவர்கள் மறந்துவிடுகிற ஒன்று பைபாஸ். நிறைய பாய்லர்கள் அணைந்த பிறகும் உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றச் சில நிமிடம் பம்பை ஓட்டும். அதற்காகத்தான் பாய்லருக்கு நிரந்தர ஃபேஸ் ஒன்று, கூப்பிடும் ஃபேஸ் ஒன்று என்று இரண்டு கேட்பார்கள், பம்பின் வயரையும் பாய்லருக்குள்ளேயே முடிக்கச் சொல்வார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள், கடைசி வால்வும் மூடிவிட்டது, பம்ப் மட்டும் ஓடுகிறது, தண்ணீர் எங்கே போகும்? போகிற குழாய்க்கும் திரும்புகிற குழாய்க்கும் நடுவே தானியங்கி பைபாஸ் வால்வு ஒன்று இருந்தால் அழுத்தம் ஏறும்போது அது வழிவிடும். இல்லையென்றால் பாய்லர் கொதிக்கிற கெட்டில் மாதிரி சத்தம் போடும், அப்புறம் லாக் ஆகி நிற்கும். சில பாய்லர்களுக்குள்ளேயே பைபாஸ் இருக்கும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும்.

அடுத்தது ஸோனுக்கு ஒரு பம்ப். அமெரிக்காவில் இதைப் பரவலாகப் பார்க்கலாம். ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டும் 24 வோல்ட்டில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பெட்டிக்கு வரும், பெட்டி அந்தந்தப் பம்புக்கு மெயின் மின்சாரத்தைக் கொடுக்கும், கூடவே பாய்லரின் இரண்டு முனைகளை இணைத்து அதையும் எழுப்பும். வயரிங் சுத்தமாக இருக்கும், ஸோனுக்கு ஒரு விளக்கு எரியும், பழுதைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். ஒரு பம்ப் போனால் ஒரு ஸோன் மட்டும்தான் குளிரும், மற்றவை ஓடும். வால்வு அமைப்பில் ஒற்றைப் பம்ப் போனால் வீடே குளிரும், இது நியாயமான வாதம்தான்.

ஆனால் சாதாரண வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 கிலோவாட் சூட்டை 20 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்குச் சுமார் 7 லிட்டர் போதும். குழாய் ஒழுங்கான அளவில் இருந்தால் ஒரு சின்னப் பம்ப் அதைச் சிரமமில்லாமல் தள்ளும். இன்றைய பம்புகள் வால்வு மூடினால் அதை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் செய்கின்றன. அப்படியிருக்க மூன்று பம்ப் எதற்கு? கூடவே ஒவ்வொரு பம்புக்கும் ஒரு தடுப்பு வால்வு வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸோன் ஓடும்போது ஓடாத ஸோனிலும் தண்ணீர் திருட்டுத்தனமாகப் பின்னோக்கிச் சுற்றும், அணைத்த அறை வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு கிளை மிக நீளம், அல்லது ஒரு பக்கம் தரைக்குழாய், இன்னொரு பக்கம் ரேடியேட்டர் என்று எதிர்ப்பு மிகவும் வேறுபட்டால் பம்ப் சரி. மற்றபடி என் ஓட்டு வால்வுக்குத்தான்.

தரைக்குழாய் போட்டிருக்கிறவர்களுக்குத் தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது, மேனிஃபோல்டுதான். ஒவ்வொரு வளையத்தின் மேலும் திருகாணி போல ஒரு ஆக்சுவேட்டர் உட்காரும். உள்ளே மோட்டார் இல்லை, மெழுகு. மின்சாரம் பட்டுச் சூடாகி மெழுகு விரிந்து வால்வைத் திறக்க மூன்று நிமிடம்போல ஆகும், அவசரப்பட்டு "வேலை செய்யவில்லை" என்று கழற்றிவிடாதீர்கள். தெர்மோஸ்டாட்டுகள் எல்லாம் மேனிஃபோல்டுக்கு மேலே இருக்கும் ஒரு வயரிங் பெட்டிக்கு வரும், பெட்டியே பம்பையும் பாய்லரையும் பார்த்துக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது வெப்ப அளவு. தரைக்குழாய்க்கு 35 முதல் 45 டிகிரி தண்ணீர் போதும், அதனால் கலக்கும் வால்வும், அது பழுதானால் பம்பை நிறுத்த ஒரு எச்சரிக்கைத் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். ஐரோப்பியத் தரவிதி வசிக்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது, குளியலறைக்கு 33. கான்கிரீட் தரை சூடேறவும் ஆறவும் மணிக்கணக்கில் ஆகும் என்பதால் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று டைமர் வைப்பது வீண். இரவில் இரண்டு டிகிரி குறைத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம்.

சரி, நண்பர் சொன்ன ரேடியேட்டர் தலை. சாதாரணத் தெர்மோஸ்டாட் தலை எல்லாருக்கும் தெரியும், 1 முதல் 5 வரை எண் போட்டிருக்கும், 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. மின்சாரமே வேண்டாம். அறைக்கு அறை சூட்டைக் கட்டுப்படுத்த இதைவிட மலிவும் உறுதியுமான வழி கிடையாது. குறை ஒன்றுதான், இதற்குப் பாய்லரோடு பேச்சுவார்த்தை இல்லை. எல்லாத் தலையும் மூடினாலும் பாய்லருக்குத் தெரியாது, பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்மார்ட் தலைகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஒவ்வொன்றும் ரேடியோ வழியாக ஒரு மையப் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி ரிலே மூலம் பாய்லரைக் கூப்பிடும். சுவரை உடைக்க வேண்டாம், குழாயை வெட்ட வேண்டாம், வாடகை வீட்டில் இருப்பவர் காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டே போகலாம். பழைய வீட்டில் எல்லா ரேடியேட்டரும் ஒரே வளையக் குழாயில் இருந்தால், மாடிக்குத் தனிக் கிளை கிடையாது என்றால், இதுதான் வழி, வேறு பேச்சே இல்லை.

ஆனால் ரேடியேட்டர் 12 என்றால் பேட்டரி 24. எல்லாம் ஒரே நாளில் தீராது, மாதம் ஒன்றாகத் தீரும், அதுவும் ஆள் இல்லாத அறையில் தீர்ந்து வால்வு திறந்த நிலையில் நின்றுபோயிருக்கும். இன்னொன்று, தலை உட்கார்ந்திருப்பது சூடான ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே, திரைச்சீலையோ சோபாவோ மறைத்தால் அறையின் சூடு அதற்குத் தெரியாது. ஒரு பொது விதியும் உண்டு: சுவர்த் தெர்மோஸ்டாட் இருக்கிற அறையில் ரேடியேட்டர் தலையை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் தலை 19 டிகிரியில் மூடிவிடும், சுவரில் இருப்பது 20 வரவில்லையே என்று பாய்லரை விரட்டிக்கொண்டிருக்கும். மாமியார் மருமகள் கதைதான், நடுவில் எரிவது எரிவாயு.

இப்போது இரண்டாவது கேள்வி, சின்ன ஸோன். ஸோன் அதிகமானால் மிச்சம் அதிகமாகும் என்று எல்லாரும் நினைக்கிறோம், நானும் ஆறு ஸோன் போடத்தான் கிளம்பினேன். 24 கிலோவாட் பாய்லர் தன் சுடரைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் ஒரு எல்லை வரைதான். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையும் என்றால் 4.8 கிலோவாட், அதற்குக் கீழே போகத் தெரியாது. விருந்தினர் அறை ரேடியேட்டர் 0.8 கிலோவாட்தான் வாங்கும். மீதி 4 கிலோவாட் எங்கே போகும்? தண்ணீருக்குள்தான். அந்தக் கிளையில் 8 லிட்டர் தண்ணீர் இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் 10 டிகிரி ஏறிவிடும். பாய்லர் அணையும், ஆறும், மறுபடி எரியும், மறுபடி அணையும். நாள் முழுக்க இப்படி மின்னிக்கொண்டிருந்தால் பற்றவைக்கும் பாகங்கள் தேயும், எரிவாயுவும் வீணாகும். அதனால் தனியாகக் கூப்பிடும் உரிமை கொண்ட ஸோன் எதுவும் பாய்லரின் மிகக் குறைந்த சுடருக்குக் கிட்டத்தட்டவாவது வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். என் வீட்டில் கீழ்த்தளம் 6 கிலோவாட், மாடி 4. இரண்டே ஸோன், கூட வெந்நீர்த் தொட்டி. ஆறு ஸோன் கனவு அந்தக் காகிதத்திலேயே முடிந்தது. மாடிக்குள் அறைக்கு அறை வித்தியாசத்தை ரேடியேட்டர் தலைகள் பார்த்துக்கொள்ளட்டும்.

கருவியைத் தேர்ந்தெடுத்த பிறகும், பாய்லரிடம் என்ன பேசுவது என்ற தேர்வு மிச்சம் இருக்கிறது. பழைய வழி எரி, அணை என்ற இரண்டே சொல். நல்ல தெர்மோஸ்டாட் அதையே கொஞ்சம் நாசூக்காகச் செய்யும், மணிக்கு ஆறு சுற்று என்று வைத்துக்கொண்டு தேவை குறையக் குறைய ஒவ்வொரு சுற்றிலும் எரியும் நேரத்தைக் குறைக்கும். இரண்டாவது வழி ஓப்பன்தெர்ம் மாதிரியானது, தெர்மோஸ்டாட்டும் பாய்லரும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி. 1996 முதல் இருக்கிற ஏற்பாடு, இரண்டே வயர், எதை எதில் போட்டாலும் சரி. தெர்மோஸ்டாட் "எரி" என்பதற்குப் பதில் "45 டிகிரி தண்ணீர் கொடு" என்று கேட்கும். மூன்றாவது வழி, வெளியே வடக்குச் சுவரில் ஒரு உணரி. வெளியே 10 டிகிரி இருந்தால் 40 டிகிரித் தண்ணீர், வெளியே உறைகிற குளிர் என்றால் 55 என்று பாய்லரே முடிவு செய்யும். கண்டென்சிங் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி தண்ணீராகி அதன் சூடு கைக்குக் கிடைக்கும், எனவே பிந்தைய இரண்டு வழியிலும் மிச்சம் உண்மையானது. ஸோன் பிரித்துக் கிடைக்கும் மிச்சத்துக்குச் சளைத்ததில்லை இது.

ஆனால் ஓப்பன்தெர்மும் பல ஸோனும் லேசில் ஒத்துப்போகாது. அந்த இரண்டு வயரில் பாய்லரோடு பேச ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். மூன்று தெர்மோஸ்டாட்டை அதில் சேர்த்துக் கட்ட முடியாது, எல்லா ஸோனின் தேவையையும் வாங்கித் தொகுத்துப் பேசும் ஒரு மையப் பெட்டி வேண்டும். அது இல்லாமல் வால்வுகளின் ஆரஞ்சு வழியே போவதாக இருந்தால் வெளி உணரிதான் நிம்மதி: ஆரஞ்சு "எரி" என்று சொல்லட்டும், எத்தனை டிகிரி என்பதை உணரி சொல்லட்டும். நான் இந்தக் கூட்டணியைத்தான் எடுத்தேன்.

வோல்ட் விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. சில பாய்லர்கள் கூப்பிடும் முனையில் 230 வோல்ட் எதிர்பார்க்கும், சில பாய்லர்கள் 24 வோல்ட், சிலவற்றில் வெறும் இரண்டு முனையை இணைத்துவிட்டால் போதும், மின்சாரமே கொடுக்கக் கூடாது. கடைசி ரகத்தில் 230 வோல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போர்டு அந்த நிமிடமே போய்விடும். ஓப்பன்தெர்ம் முனைகளுக்கும் இதே கதிதான். பாய்லருக்கு மின்சாரமில்லாத இணைப்புதான் வேண்டும், வால்வுகளோ 230 வோல்ட் என்றால் நடுவில் ஒரு ரிலே வையுங்கள். 24 வோல்ட் வால்வுகளை எடுப்பவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு மோட்டார் வால்வு 8 விஏ (வோல்ட்-ஆம்பியர், மின்சுமையின் அளவு) எடுத்தால் 40 விஏ டிரான்ஸ்ஃபார்மரில் நாலு போடலாம், ஐந்தாவது விளிம்பில் நிற்கும். பாய்லர், பம்ப், வால்வு, டைமர், வைஃபை பெட்டி எல்லாமே ஒரே ஒரு மெயின் சுவிட்சுக்குப் பின்னால் வர வேண்டும். வைஃபை பெட்டியை மட்டும் பக்கத்து பிளக்கில் செருகி வைத்தால், மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பெட்டிக்குள் விரல் வைக்கிறவருக்கு அதன் ரிலே வழியே ஃபேஸ் காத்திருக்கும். பாய்லரின் மூடியைத் திறக்கும் வேலை எப்படியும் உரிமம் பெற்றவருடையது, அதில் என் சாமர்த்தியத்தை நான் காட்டவில்லை.

பாய்லருக்குப் பதிலாக, வெளியிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் கொடுக்கும் ஹீட் பம்புக்கு மாறப் போகிறவர்கள் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். அதற்கு எப்போதும் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வெளி யூனிட்டில் படியும் பனியை உருக்கவே வீட்டுத் தண்ணீரிலிருந்துதான் சூட்டைத் திருப்பி எடுக்கும். பாதி வீட்டை மூடி வைத்தால் அது திணறும். ஒரே ஸோன், திறந்த வால்வுகள், தாழ்ந்த வெப்பம் என்று விட்டுவிடுவதே நல்லது.

கடைசியாகச் செய்தது பெட்டி. நூல் பந்து மாதிரி வயர்கள் அடைந்திருந்த பழைய ஜங்ஷன் பாக்ஸைத் தூக்கிவிட்டு, எண் போட்ட முனைகள் கொண்ட அகலமான பெட்டி ஒன்று வாங்கினோம். 1 நிரந்தர ஃபேஸ், 2 நியூட்ரல், 3 எர்த், 4 கீழ்த்தளப் பழுப்பு, 5 மாடிப் பழுப்பு, 6 தொட்டிப் பழுப்பு, 7 எல்லா ஆரஞ்சும், 8 முதல் 10 வரை காலி. சாம்பல் எல்லாம் 1-ல். வயரைத் தொடும் முன்பே காகிதத்தில் படம் வரைந்தேன், இரண்டு மாலை போனது, வயர் இழுக்க ஒரு மாலைதான் ஆனது. வால்வுக்குப் போகும் வயர் வெந்நீர்க் குழாயைத் தொட்டபடி போகும் என்பதால் வெப்பம் தாங்கும் ரகம். தெர்மோஸ்டாட்டுக்குப் போன கேபிளில் நீல வயர் ஃபேஸைத் திருப்பிக் கொண்டுவருகிறது, அதன் இரண்டு முனையிலும் பழுப்பு உறை மாட்டினோம், பின்னால் வருகிறவர் நியூட்ரல் என்று நினைத்துவிடக் கூடாதே. படத்தை மடித்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியாயிற்று.

குளியலறை ரேடியேட்டரில் மட்டும் தலை மாட்டவில்லை, மாடி ஸோன் ஓடும்போதெல்லாம் அது திறந்தே இருக்கும். துண்டு காய்கிறது. மகள் இப்போது போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள், பதிலாக மாடித் தெர்மோஸ்டாட்டை 23-ல் வைக்கிறாள். அதை எந்த வயரில் தடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.